கம்பெனி மூடினால் ஜனங்களின் கதி?

வீட்டு இன்டர்நெட் இன்று நகரவாசிகளின் ஆடம்பரமன்று. திருத்தணிக்குப் போகும் வழியிலுள்ள கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களிலும் கடைக்காரரின் வரவுசெலவும் பிள்ளைகளின் படிப்பும் அதைச் சார்ந்தே நடக்கின்றன. சந்தாவை எல்லோரும் முன்கூட்டியே செலுத்துகிறார்கள். செலுத்திய மறுவாரம் கம்பெனி கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? இவ்வாறு கேட்பதை அபசகுனம் என்போர், 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு பட்ட பாட்டை மறந்தவர்களே.

ஏர்செல் கம்பெனி 1999-ல் தமிழ்நாட்டிலே செல்போன் சேவையை ஆரம்பித்துப் பெரிதாக வளர்ந்தது. பின்னர் கடன் மிகுந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் ஏற்பாடும் 2017 அக்டோபரில் முறிந்தது. கோபுரங்களை வாடகைக்கு விட்டவர்கள், பாக்கி வராதது கண்டு அவற்றை அணைத்தார்கள். ஜனங்கள் ஊருக்கு ஊர் கம்பெனியின் காரியாலயங்களை முற்றுகையிட்டனர். பாங்கி அனுப்பும் ரகசிய எண் அந்த டெலிபோனுக்கே வரவேண்டியதாதலால், தம் சொந்தப் பணத்தைக் கையாள்வதற்கும் வழியில்லாமல் பலர் தவித்தனர். வேறு கம்பெனிக்கு மாறவும் ஒரு குறியீடு குறுஞ்செய்தியாக வந்தாக வேண்டும். கோபுரமே அணைந்தபின் செய்தி எவ்வாறு வரும்? சில தினங்களுக்குள் ஏர்செல் பம்பாயிலுள்ள கம்பெனிச் சட்ட டிரிப்யூனலில் திவால் மனு கொடுத்தது.

சட்டம் இதற்கு வழி சொல்லவில்லையா? சேவையை விட்டு விலக விரும்புவோர் சர்க்காருக்கு 60 நாளும் சந்தாதாரருக்கு 30 நாளும் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று லைசென்ஸிலேயே நிபந்தனை இருந்தது. ஆயினும் அது தானாக விலகுபவனுக்கே பொருந்தும். மூச்சு முட்டி வீழ்ந்தவனை அது கட்டுப்படுத்தவில்லை. 2016-ம் வருஷத்துத் திவால் சட்டமோ, சொத்தைப் பங்கிடும்போது ஈடு பெற்ற பாங்கிகளை முன்வரிசையில் வைக்கிறது. முன்பணம் கட்டிய ஏழைக்கு வரிசையின் வால்தான் மிச்சம்.

நாணயமாக விலக முடியாதென்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னையில் வீடுகளுக்கு இன்டர்நெட் தந்துவந்த டிஷ்நெட் தன் இன்டர்நெட் வியாபாரத்தை 2004-ல் விதேஷ் சஞ்சார் நிகமுக்கு விற்றது. கம்பெனி கைமாறிற்று; சேவை நடந்தது. அக்காலத்தில் சத்திரம் கட்டிய புண்ணியவான்கள்கூடத் தமக்குப்பின் அடுப்பு அணையாதிருக்க மானியநிலம் எழுதிவைத்தார்கள். தர்மத்துக்கு இருந்த இந்த முன்யோசனை, காசு வாங்கிக்கொண்டு நடத்தும் வியாபாரத்துக்கு ஏன் இருக்கலாகாது?

ஆகவே நாம் கோருவது இது. சந்தாதாரர்களிடம் வாங்கும் முன்பணத்துக்குச் சமமான தொகைக்குக் கம்பெனிகள் பாங்கி உத்தரவாதம் கட்டவேண்டும். பாக்கி நின்றாலும், சந்தாதாரர்கள் வேறிடம் மாறுவதற்குரிய தவணை முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கலாகாது. தொலைத்தொடர்பு இலாகா இவ்விரண்டையும் லைசென்ஸிலேயே எழுதட்டும். பழைய லைசென்ஸ்தாரர்கள் புதுப்பிக்க வரும்போது கையெழுத்திடட்டும்.