ரெட் ஒயினிலும் மெத்தனால் இருக்கு... ஆனா கருணாபுரத்தில் உயிரைப் பறித்தது எது?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை வந்ததும் சேலம் ரோடு தனியாகப் பிரியும். அந்த ரோட்டில்தான் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் அங்கே கருணாபுரம் பகுதியில் விற்ற பாக்கெட் சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "வாயில வச்சதுமே டேஸ்ட் வேற மாதிரி இருந்திருக்குமே, தெரியலையா?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள்.

தெரியாது. மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை, வாசனையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாராயத்தில் கலந்துவிட்டால், ஒயினை ருசித்துத் தரம் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. லேப் டெஸ்ட்தான் ஒரே வழி.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், நல்ல ரெட் ஒயினிலும் மெத்தனால் உண்டு. திராட்சைத் தோலில் இருக்கும் பெக்டின் நொதிக்கும்போது அது உருவாகும். ரெட் ஒயின் தோலோடு சேர்த்தே நொதிப்பதால் ஒயிட் ஒயினைவிட இதில் கொஞ்சம் அதிகம். சர்வதேச ஒயின் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு, ரெட்டுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம், ஒயிட்டுக்கு 250. டானின் அதிகமுள்ள 'பவர்ஃபுல்' ரெட் ஒயினை நிலவறையில் படுக்கவைத்து 20 வருஷம் கழித்துத் திறந்தாலும் அந்த மெத்தனால் விஷ அளவுக்கு ஏறுவதில்லை.

கல்வராயன் மலை ஊறலும் இதேபோலத்தான். வெல்லம், வேலம்பட்டை போட்டு பேரலில் ஊறவைத்துக் காய்ச்சுவது சட்டவிரோதம், உடம்புக்கும் கேடு. ஆனால், அந்த நொதிப்பால் மட்டும் ஒரே நாளில் ஒரு தெருவே சாகாது. கருணாபுரத்தில் உயிரைப் பறித்தது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். சுமார் 30 மி.லி. போனாலே உயிருக்கு ஆபத்து.

கொடுமை என்னவென்றால், குடித்தவுடன் எதுவும் தெரியாது. சாதாரண போதை மாதிரியே இருக்கும். கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக, பிறகு ஃபார்மிக் அமிலமாக மாற்றும். 12 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத்திணறல் எல்லாம் வரிசையாக வரும். ஃபார்மிக் அமிலம் முதலில் குறிவைப்பது பார்வை நரம்பைத்தான். 'ஹேங்ஓவர்' என்று நினைத்துப் படுத்துவிட்டால் அதற்குள் நேரம் போய்விடும்.

சிகிச்சைக்கு ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது, விலை அதிகம். அது இல்லாத இடத்தில் டாக்டர்கள் எத்தனாலையே கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். கல்லீரல் எத்தனாலை முதலில் கவனிக்கும், மெத்தனால் விஷமாவது தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் டயாலிசிஸ் செய்து வெளியேற்றலாம். (ஆஸ்பத்திரியில் மட்டும். வீட்டில் இதை யாரும் முயற்சி பண்ணக் கூடாது.)

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் மெத்தனாலால்தான். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, அதே ஜூன் இறுதியில் மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. விஷச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம். தண்டனை கடுமைதான். ஆனால், அதில் முதலில் சிக்குவது பாக்கெட் விற்றவர். மெத்தனாலை வாங்க, வைத்திருக்க, விற்க லைசென்ஸ் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959-லிருந்தே விதி இருக்கிறது. லைசென்ஸ் உள்ள டேங்கிலிருந்து அது பாக்கெட்டுக்கு வந்த பாதையை அடைக்காமல் விற்றவரை மட்டும் பிடித்தால் பாதி வேலைதான் முடியும்.

2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு போன மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் டிசம்பரில் தள்ளுபடி செய்தது.