வாசலில் நிற்கும் வண்டியின் நேரம் யார் கணக்கில்?

சாலை விபத்தில் காயம்பட்டவர்களுக்குப் பொன்னான நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டத்தை வகுக்குமாறு 2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கு இது. மார்ச் 14 கெடு கடந்து, மத்திய சாலைப் போக்குவரத்துத் துறைச் செயலரை நீதிமன்றம் நேரில் அழைத்த பிறகே மே 5 அன்று அறிவிக்கை வந்தது: ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், ஏழு நாள் வரை. பணத்துக்கு வழி பிறந்ததை மனமார வரவேற்கிறோம். ஆனால் இத்திட்டத்தின் உயிர் பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(12ஏ) பிரிவு காயம்பட்ட கணத்திலிருந்து ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரமாக எண்ணுகிறது. அரசு பெருமையோடு அறிவிப்பதோ, அழைப்பு வந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் வண்டி இடத்தைச் சென்றடையும் வரையிலான சராசரி. அதற்குப் பிறகு இடிபாட்டிலிருந்து ஆளை மீட்பது, ஏற்றிச் செல்வது, கேஷுவாலிட்டி வாசலில் ஸ்ட்ரெச்சர் மாற்றக் காத்துக் கிடப்பது ஆகிய எதுவும் அந்த எண்ணில் இல்லை.

வாசலில் காத்திருந்து நோயாளியை மருத்துவமனையிடம் ஒப்படைக்கும் இந்த நேரத்தைத்தான் நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். இங்கிலாந்து, உயிருக்கு ஆபத்தான முதல் வகை அழைப்புக்கு 7 நிமிடச் சராசரியோடு நிற்காமல், பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு 15 நிமிடத்துக்குள் சென்றாக வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. மருத்துவமனையில் ஒப்படைக்கவும் 15 நிமிடம்தான். அப்படியும் 2022 டிசம்பரில், மாரடைப்பும் பக்கவாதமும் அடங்கும் இரண்டாம் வகையில், 18 நிமிட இலக்குக்கு எதிராகச் சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. படுக்கை காலியாகாமல் வண்டிகள் மருத்துவமனை வாசல்களில் வரிசைகட்டி நின்றது அதற்கு முதன்மையான காரணம். அவர்கள் ஒப்படைப்பையும் அளந்ததால் பழி பைலட் (ஓட்டுநர்) மேலும் இஎம்டி (அவசர மருத்துவப் பணியாளர்) மேலும் விழாமல் மருத்துவமனையின் உள்நெரிசலை நோக்கித் திரும்பியது. இங்கே வண்டி தாமதித்தால் விளக்கம் கேட்கப்படுவது வண்டியில் இருப்பவரிடம். வாசலில் நிறுத்தி வைத்த நிர்வாகத்தை யாரும் கேட்பதில்லை. இது அநீதி.

இலக்கு வைத்தால் எண்ணைத் திருத்துவார்கள் என்பது நியாயமான அச்சம். இங்கிலாந்திலேயே பழைய 8 நிமிட இலக்குக்காக, நோயாளியை ஏற்றிச் செல்ல முடியாத வண்டிகளையும் அனுப்பிக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். 2017இல் அம்முறையை மாற்ற நேர்ந்தது. ஆகவே நாம் கேட்பது தண்டனையோடு கட்டிய இலக்கை அல்ல, வெளிப்படையான பதிவை. ஒரு மணி நேரம் என்ற எல்லைக்கே உறுதியான ஆய்வுச் சான்று இல்லை என்பாரும் நம்மிடையே உண்டு. உண்மைதான். ஆயினும் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு வாசலில் போகும் இருபது நிமிடம் என்ன செய்யும் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வண்டியின் ஜிபிஎஸ்ஸும், நோயாளியின் விவரம் பதியும் பிசிஆர் படிவமும் இருக்கின்றன. புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். வண்டி வாசலை அடைந்த நேரம், ஒப்படைத்த நேரம், மீண்டும் அழைப்புக்குத் தயாரான நேரம் மூன்றையும் மாவட்டவாரியாக, சராசரியோடு மிகத் தாமதமான பத்து விழுக்காட்டையும் சேர்த்து, மாதந்தோறும் வெளியிடச் சுகாதாரத் துறை ஓர் ஆணை போட்டால் போதும். சட்டத்தில் எழுதிய ஒரு மணி நேரத்துக்குச் சிகிச்சை கேட்டு நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தின் கணக்கைக் கேட்டும் அங்கேதான் போக வேண்டுமா?