தக்கோலத்தில் மோதியது தமிழும் கன்னடமுமா?

949இல் அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் மடிந்தான். அது தமிழர்-கன்னடர் போர், அவனை வஞ்சகமாகக் கொன்றார்கள், அன்றோடு சோழர் கதை முடிந்தது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். மூன்றுமே நிற்காது.

முதலில் இனக் கணக்கு. ஆதித்த சோழனின் மனைவியரில் ஒருத்தி, எதிர்த்தரப்பான இராட்டிரகூடர் குலத்து இளவரசி இளங்கோன் பிச்சி. அவள் மகன் கன்னரதேவனை விட்டுவிட்டு அரியணை ராஜாதித்தனின் தந்தை பராந்தகனுக்குப் போனதுதான் பகைக்கு வித்து என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. ஆக, இது சம்பந்தி வீட்டுச் சண்டை. திருவல்லத்தில் நடந்த முதல் மோதலில் சோழனுக்குத் தோள் கொடுத்தவன் கன்னட நாட்டுக் கங்க மன்னன் பிருதிவீபதி. தக்கோலத்தில் சோழ இளவரசனைக் கொன்ற பூதுகனும் கங்கன்தான்! ராஜாதித்தனின் தாயோ சேரர் குலத்தவள் என்பார்கள். அவன் படைத்தலைவன் வெள்ளன் குமரனும் கேரளத்துக்காரன். போர்க்களத்தில் தலைவன் பக்கத்தில் நிற்க முடியாமல் போன துயரத்தில் அந்தக் குமரன் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் ஆனான். அதைச் சொல்லும் கல்வெட்டு எவருடைய ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது தெரியுமா? வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டில். தொண்டை நாட்டுக் கோயில்களில் அந்தக் கிருஷ்ணனைக் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று குறித்ததும் தமிழில்தான்.

வஞ்சகம்? இந்தப் போரைப் பதிவுசெய்த ஆதகூர்க் கல்வெட்டின் ஒரு சொல்லை ஆரம்பத்தில் தவறாக வாசித்ததில் பிறந்த பேச்சு அது. அம்பாரியையே போர்க்களமாக்கிப் பூதுகன் குத்திக் கொன்றான் என்பதே பின்னர் ஏற்கப்பட்ட பொருள். சோழரின் ஆனைமங்கலச் செப்பேடும், கூரிய அம்புகள் நெஞ்சில் பாய வீரசொர்க்கம் புகுந்தான் என்கிறதே தவிர, சதி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோற்றவர்களே சொல்லாத சதியை நாம் ஏன் கட்டிவிட வேண்டும்?

மூன்றாவதில் பாதி உண்மை உண்டு. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது; சோழர் தலைநிமிரப் பல ஆண்டு பிடித்தது. ஆனால் 973இல் அரசிழந்தவர்கள் இராட்டிரகூடர்கள். 985இல் தஞ்சையில் ராஜராஜன் பட்டமேறினான்.

இந்தப் போருக்கு முதன்மைச் சான்றான ஆதகூர்க் கல் எதற்காக நடப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூதுகனின் வீரன் மணலேரன் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டைநாயை. பன்றியோடு மோதி இறந்த அந்த நாய்க்கு அவன் எடுத்த நடுகல் அது.