ஆடுகிறவள் கொலைகாரியா?

மேடையில் ஓர் அழகி ஆடுகிறாள். கூட்டம் கை தட்டுகிறது. திரை விழுகிறது. அடுத்த படத்தில் அவள் கையில் கத்தி! அதற்கு அடுத்த படத்தில் ஒரு பிணம்!

இது ஒரு படக்கதை. நாட்டியக்காரிகளும், சர்க்கசில் கம்பி மேல் நடக்கும் பெண்களும் கூலிக்குக் கொலை செய்யக் கிளம்புகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் ரத்தம்.

இதை நான் பார்த்தது சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில். சேலைக்குப் பெயர் போன ஊர். தெருவில் நுழைந்தால் தறிச் சத்தம் காதை அடைக்கும். ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பையன், தறி ஓரமாக உட்கார்ந்து செல்போனில் இந்தக் கதையைப் படித்துக்கொண்டிருந்தான். அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த அவனுடைய தாயார் என்னைப் பார்த்து, "ஏனுங்க சார், இதையெல்லாம் படிச்சா பையன் கெட்டுப் போயிருவானுங்களா?" என்று கேட்டார்.

பெற்ற வயிறு. கேட்கத்தானே செய்யும்!

பழைய பயம்

இந்தப் பயம் இன்று நேற்று வந்தது அல்ல. 1954-ல் அமெரிக்காவில், பிரடெரிக் வெர்தாம் என்ற மனநோய் மருத்துவர், "படக்கதைதான் சிறுவர்களைக் கெடுக்கிறது" என்று ஒரு புத்தகமே எழுதினார். செனட் சபை கூடி விசாரித்தது. நம் நாட்டிலும் 1956-ல் ஒரு சட்டம் வந்தது. கொலை, கொடூரம் இவற்றையே காட்டி, 20 வயதுக்கு உட்பட்டவர்களைக் கெடுக்கும் வெளியீடுகளை விற்றால் 6 மாதம் வரை ஜெயில் என்று அதில் எழுதினார்கள்.

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். வெர்தாமின் குறிப்புகளைப் பிற்காலத்தில் எடுத்துப் பார்த்தபோது, சிறுவர்கள் சொன்னதை அவர் பல இடங்களில் திரித்து எழுதியிருப்பது தெரியவந்தது!

கொலை செய்யும் பெண் நமக்குப் புதியவளா? இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை என்ன? தன்னைக் கொல்ல மலை உச்சிக்கு அழைத்துப் போன கணவனை, அவளே கீழே தள்ளிவிடுகிறாள். அந்தக் கதையைத் தழுவித்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் 'மந்திரிகுமாரி' படத்தை எடுத்தது. நம் தாத்தா பாட்டிகள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். யாரும் கெட்டுப் போகவில்லை.

1984-ல் சிவகாசியில் 'லயன் காமிக்ஸ்' தொடங்கியபோது முதல் இதழின் நாயகியே மாடஸ்டி என்ற பெண்தான். அவளைப் படைத்தவர் பீட்டர் ஓடானல் என்ற ஆங்கிலேயர். 1942-ல் பாரசீகத்தில் ராணுவத்தில் இருந்தபோது, யாருமற்ற ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார். அந்தச் சிறுமியின் நினைவில் பிறந்தவள் மாடஸ்டி. அவள் ஏன் ஆயுதம் ஏந்தினாள் என்பதற்குக் கதையில் காரணம் இருக்கிறது. குண்டலகேசிக்கும் இருக்கிறது.

இந்தப் புதுக் கதையில் காரணம் இல்லை. ஆடுகிறவள் என்றால் கொல்வாள். அவ்வளவுதான். எனக்குக் கோபம் இங்கேதான்.

12 துப்பாக்கிகள்

மாதா ஹரியின் கதை தெரியுமா? ஹாலந்து நாட்டுக்காரி. 1905-ல் பாரிஸ் நகரில் ஆட வந்தாள். "நான் தென் இந்தியாவில் பிறந்தவள், கோவில் நடனம் கற்றவள்" என்று சரடு விட்டாள். பாரிஸ் நம்பியது, கொண்டாடியது. முதல் உலகப் போரில் பிரான்சு தோல்வி மேல் தோல்வி கண்டதும், அதே பாரிஸ் அவளை ஜெர்மன் ஒற்றர் என்றது. ஆயிரக்கணக்கான வீரர்களின் சாவுக்கு அவளே காரணம் என்று கோர்ட்டில் வாதாடினார்கள். 1917 அக்டோபர் 15 அன்று காலையில் 12 வீரர்கள் அவளைச் சுட்டுக் கொன்றார்கள். சாட்சியங்கள் வலுவற்றவை என்று பின்னாளில் சரித்திர ஆசிரியர்கள் எழுதினார்கள். 'நாட்டியக்காரிதானே, செய்திருப்பாள்' என்ற எண்ணமும் சேர்ந்துதான் அவளைக் கொன்றது.

நம் ஊர்த் திருவிழாவில் கரகம் ஆடுகிற பெண்ணும் இதே பார்வையைத்தான் சுமக்கிறாள். தலையில் கரகம், காலில் சலங்கை, விடிய விடிய ஆட்டம். விடிந்ததும் அவளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். சர்க்கசில் கயிற்றில் தொங்கியவர்களில் எத்தனையோ பேர் பிழைப்புக்காகச் சிறு வயதிலேயே கொண்டுவரப்பட்டவர்கள். குழந்தைகளை சர்க்கசில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. இவர்களா கொலைகாரிகள்?

ஆகவே அந்தத் தாயாரிடம், "போனைப் பிடுங்காதீர்கள் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கதையைக் கேளுங்கள்" என்றேன்.

பையனிடம் திரும்பினேன். "தம்பி, இவள் எதற்காகக் கொல்கிறாள்?"

"காசுக்குங்க."

"அதுதான் நன்றாக ஆடுகிறாளே, அந்தக் காசு போதாதா?"

பையன் யோசித்தான். "அது போடலைங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே சொன்னான்: "போன மாரியம்மன் பண்டிகைக்கு ஆட வந்த அக்கா, ஆடி முடிச்சிட்டு எங்க வீட்டுலதான் தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. கால்ல ரத்தமா இருந்துச்சுங்க."