வாய்ப்பூட்டுச் சட்டமா? வழக்குரிமைச் சட்டமா?

இன ஐக்கியத்திற்குச் சட்டம் வேண்டுமென்று ஒரு சாராரும், ஐக்கியம் உள்ளத்தில் உதிக்க வேண்டியதேயன்றிச் சட்டப் புத்தகத்தில் உதிப்பதன்று என்று மற்றொரு சாராரும் நமது மலேசியாவில் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தை மறந்தே பேசுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம். ஐக்கியத்தின் பேரால் இந்நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் வாயைப் பூட்டுகிற சட்டங்களே யொழிய, ஏழைக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிற சட்டங்களல்ல.

தேச நிந்தனைச் சட்டத்தை எடுத்துக் கொள்வோம். அது நாம் இயற்றியதன்று. 1948ல் வெள்ளைக்காரன் தன் ஆட்சிக்கு விரோதமாக எவரும் பேசாதிருக்கும் பொருட்டு இயற்றியது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1969 மே 13ல் கோலாலம்பூரில் கலகம் மூண்டு, சர்க்கார் கணக்குப்படியே 196 பேர் மாண்ட பிறகு அச்சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. 1970 ஆகஸ்டு 31ல் ருக்குன் நெகாரா பிரகடனமாயிற்று. 1971ல் அரசமைப்பே திருத்தப்பட்டு, பிரஜா உரிமை, தேசிய மொழி, மலாய்க்காரரின் விசேஷ நிலை, சுல்தான்களின் அந்தஸ்து ஆகியவற்றின் ஆதாரத்தைப் பாராளுமன்றத்திற்குள்ளேகூட எவரும் கேள்வி கேட்கலாகாதென்று விதிக்கப்பட்டது. அக்காலத்தின் அச்சத்தை நாம் இகழவில்லை. பிணம் விழுந்த தெருவில் நின்று சட்டம் செய்பவன் முதலில் கூச்சலை அடக்கத்தான் நினைப்பான். ஆனால் முப்பது வருஷம் கழித்து, 2001 மார்ச்சில், பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் என்ன நடந்தது? 6 பேர் வெட்டுண்டும் அடியுண்டும் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நம்மவர், ஏழைகள். அன்றைக்கு ருக்குன் நெகாரா பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிக் கொண்டுதான் இருந்தது. தேச நிந்தனைச் சட்டம் அமுலில்தான் இருந்தது. எவருடைய உயிரை இவை காத்தன?

இந்த உண்மை சர்க்காருக்குத் தெரியாததன்று. 2012 ஜூலையில் அப்போதைய பிரதம மந்திரி நஜிப் அவர்கள், தேச நிந்தனைச் சட்டத்தை ரத்துச் செய்து அதனிடத்தில் தேசிய நல்லிணக்கச் சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். 2013ல் தேசிய ஐக்கிய ஆலோசனை மன்றம் அமைந்தது. அம்மன்றத்தார் 2014ல் மூன்று மசோதாக்களின் நகலைத் தயாரித்தனர். ஒன்று, இன மதத் துவேஷக் குற்றங்களைப் பற்றியது. இரண்டாவது, நல்லிணக்கமும் சமரசமும் பற்றியது, பாரபட்சத்தைத் தடுப்பது. மூன்றாவது, இவற்றிற்காக ஒரு கமிஷனை நிறுவுவது. நகல் வெளிவந்ததுதான் தாமதம், மதத்திற்கு ஆபத்து, விசேஷ உரிமைக்கு ஆபத்து என்று கூக்குரல் கிளம்பிற்று. மசோதாக்கள் பாராளுமன்றத்தின் படியையே மிதிக்கவில்லை. அதே 2014 நவம்பரில், அம்னோவின் பொதுக் கூட்டத்தில், பழைய சட்டமே நீடிக்குமென்று அறிவித்தார்கள். 2015 ஏப்ரலில் அதனைக் கடுமையாக்கும் திருத்தமும் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. 2018ல் ஆட்சி மாறியதே, அப்போதாவது விடிந்ததா என்றால், அதுவுமில்லை. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் சேருவோம் என்று செப்டம்பரில் சொன்னவர்கள், நவம்பரில் சேரமாட்டோம் என்று பின்வாங்கினர். சேராததைக் கொண்டாடவும் டிசம்பரில் பெருங்கூட்டம் கூடிற்று!

கதவைத் திறக்கும் சட்டம் என்று நாம் சொல்வது யாது? ஒரு சிறு உதாரணம் போதும். தோட்டத்தை விட்டுப் பட்டணம் போகும் நம்மவன் ஒருவன் வாடகைக்கு வீடு தேடுகிறான். கையில் முன்பணம் இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆனால், "இந்தியருக்கு இல்லை" என்கிறான் வீட்டுக்காரன். இவன் யாரிடம் போய் முறையிடுவது? அரசமைப்பின் 8ஆம் பிரிவு சமத்துவம் பேசுகிறதே என்பீர்கள். பேசுகிறது, ஆனால் அது சர்க்காரையும் சட்டத்தையும் கட்டுப்படுத்துமேயன்றித் தனி மனிதனையும் தனியார் கம்பெனியையும் கட்டுப்படுத்தாதென்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தொழிற்சட்டத்திலே 2022ல் 69எஃப் என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். 2023 ஜனவரி முதல் அது தீபகற்பத்தில் அமுலுக்கு வந்தது. நல்லதுதான். வேலையில் பாரபட்சம் நடந்தால் தொழில் இலாகாத் தலைவர் விசாரித்து உத்தரவிடலாம். ஆனால் பாரபட்சம் என்றால் இன்னதென்று அச்சட்டம் சொல்லவில்லை. மேலும் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையேயுள்ள வழக்கைப் பற்றியது. வேலையே கொடுக்காமல் வாசலோடு அனுப்பப்பட்டவன் தொழிலாளியா? அவனுக்கு அங்கே இடமில்லை.

பிற நாட்டார் இதை எப்படிச் செய்தார்கள்? பிரிட்டனில் 1965ல் வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களை மட்டுமே தொட்டது. அது போதாதென்று கண்டு 1968ல் வீட்டுக்கும் வேலைக்கும் விரித்தார்கள். அண்டை வீடாகிய சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் வேலையிட நியாயத்திற்கென ஒரு சட்டமும், அடுத்த மாதமே இன நல்லிணக்கத்திற்கென ஒரு சட்டமும் நிறைவேறின. பின்னதிலே வாய்ப்பூட்டும் உண்டு. அதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னதைத்தான் நம்மவர் கவனிக்க வேண்டும்.

"சட்டத்தினால் மனம் மாறுமா?" என்று கேட்கும் வேதாந்திகளுக்கு நாம் 1941ஐ ஞாபகப்படுத்த விரும்புகிறோம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்கு மானப் பாதுகாப்பு ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமற் போக அனுமதிக்க வேண்டும் என்பதே அது. துரை எங்களை நேசிக்க வேண்டுமென்று அவர்கள் கேட்டார்களா? கிராணியின் நெஞ்சம் உருக வேண்டுமென்று கேட்டார்களா? இல்லை. நேசத்தை அவனே வைத்துக் கொள்ளட்டும்; நான் இறங்க மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். சட்டத்தினிடம் நாம் கேட்பதும் அவ்வளவே. அந்தக் கோரிக்கைகளுக்காக உழைத்த ஆர். எச். நாதன் அவர்களை அதே 1941ல் நாடு கடத்தினார்கள். கொடுமைக்காரக் கிராணிகளை நீக்க வேண்டுமென்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. கிராணி மேசையில் உட்கார்ந்து செக்ரோல் எழுதுகிற நான் இதனை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

ஆகையால் ஒன்று சொல்லத் துணிகிறேன், நம்மவருக்குக் கசக்கும். 2014ன் மசோதாக்களை மறுபடி மேசைக்குக் கொண்டு வாருங்கள் என்று நம் தலைவர்களை நெருக்குவது அவசியம். ஆனால் அச்சட்டம் வந்தால் முதற்கூண்டில் நிற்பவன் மலாய்க்காரனோ சீனனோ என்றுதானே நாம் கற்பனை செய்கிறோம்? வங்காளதேசத்து வாலிபன் இன்று நம் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். நம் பாட்டன் இருந்த லயத்தில் குடியிருக்கிறான். அவனை நாம் என்ன பேர் சொல்லி அழைக்கிறோம்? நம் பாட்டனைப் பிறர் எந்தப் பேரால் அழைத்தார்களோ, அதே ருசியுள்ள பேரால் அழைக்கிறோம். மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, கல்யாண விளம்பரத்தில் ஜாதியைக் குறித்து அச்சுக் கூலி கட்டுகிறோம். 8ஆம் பிரிவிலே வம்சாவளி என்றொரு சொல் இருப்பதை நம் வழக்கறிஞர்களே எடுத்துப் பேசுவதில்லை. புதிய சட்டத்தில் அச்சொல் கட்டாயம் இருக்க வேண்டும். தனி மனிதனையும் அது கட்ட வேண்டும். எல்லா இனத்தாரையும் ஒரே தராசில் நிறுக்கும் சட்டம் நமக்கும் கனமாகத்தான் இருக்கும்.

சில காலத்திற்கு முன் என் தங்கை குடும்பத்திற்காகப் பக்கத்துப் பட்டணத்தில் வீடு தேடினேன். நான்கு வீட்டுக்காரர்கள் டெலிபோனில் என் பேரைக் கேட்டவுடனே, வீடு போய்விட்டதென்றனர். ஐந்தாமவர் தமிழர். அன்போடு அழைத்து உட்கார வைத்தார், தேநீர் கொடுத்தார், மற்ற நால்வரையும் வாயாரத் திட்டினார். "வங்காளிகளுக்கு மட்டும் நான் கொடுப்பதேயில்லை, தம்பி" என்றார். பிறகு சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மெதுவாக, "தாத்தா ஊர் எந்தப் பக்கம்? நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டார். தங்கை வெளியே குழந்தையோடு வெயிலில் நின்று கொண்டிருந்தாள். சுயமரியாதை பேசும் இப்பத்திரிகையை வாரந்தோறும் வாசிக்கிற நான், அக்கேள்விக்குப் பதில் சொல்லிச் சாவியை வாங்கிக் கொண்டேன்.