தடைக்காலத்தின் 61 நாட்கள்

ஆசிரியர் உரை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் 61 நாட்கள் தடை. காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி ஆண்கள் வலையைச் சீர்செய்துகொண்டும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டும் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் நம் புறநோயாளர் பிரிவு திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் கடலில் இருப்பார்கள். ஆகவே இந்த 61 நாட்களை மாவட்டத்தின் ரத்த அழுத்தப் பணிக்காலமாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

உயர் ரத்த அழுத்தம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதில் இனி ஐயமில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. அதே ஆய்வில் நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நீரிழிவு விகிதம் 26.3 சதவீதம், நாட்டிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. சர்க்கரையும் பிரஷரும் ஒருவரிடமே சேரும்போது இதயத்தோடு சிறுநீரகமும் விழித்திரையும் சேர்ந்தே கெடுகின்றன. எனவே அழுத்தம் பார்க்கும் இடத்திலேயே விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும்.

நமக்குத் தடையாக நிற்பது நோயின் அமைதி. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. தடித்த தசை விறைத்து, நிரம்பும் திறனை இழக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது அந்த மனிதர் வலை இழுத்துக்கொண்டுதான் இருப்பார். "தலை சுத்தல் இல்ல, மயக்கம் இல்ல, எனக்கு எதுக்கு சிஸ்டர் மாத்திரை?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பதிலும் நேராக இருக்க வேண்டும்: "இந்த மாத்திரை இன்னிக்கு உங்களுக்கு எதுவும் செஞ்ச மாதிரி தெரியாதுண்ணே. பக்கவாதம் வராம காக்கத்தான் குடுக்கிறோம்." மேல் அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தால் பெரிய இதய, ரத்தநாள நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கும், பக்கவாதம் நான்கில் ஒரு பங்குக்கு மேலும் குறைகின்றன என்று 2016-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது.

எப்படி அளக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கூட்ட நாளில் நடப்பது நமக்குத் தெரியும். வெயிலில் நடந்து வந்தவர் முதுகு சாயாத ஸ்டூலில் உட்காருகிறார். சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுகிறோம். காற்று இறங்கும்போதே ஊரும் பேரும் கேட்டு எழுதுகிறோம். வந்த எண் நோயினுடையதா, அவசரத்தினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து நிமிட ஓய்வு, சாய்ந்த முதுகு, தரையில் ஊன்றிய பாதங்கள், இதய மட்டத்தில் தாங்கிய வெறும் கை, பேச்சில்லாமை, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவீடுகள்: இவற்றில் ஒன்றையும் விடக்கூடாது. வலை இழுத்துப் பருத்த புயத்துக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். பெரிய பட்டை கையில் இருக்க வேண்டும். அரை மணிக்குள் டீயோ பீடியோ எடுத்திருந்தால் காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் நமக்குத் தந்த பாடம் எளிமையானது: எல்லோருக்கும் ஒரே சிகிச்சை நெறிமுறை, தடையில்லாத மருந்து இருப்பு, மாதாந்திர மறுபார்வை, வராதவரைத் தேடிப் போகும் குழு. அதன் நெறிமுறை பல மாநிலங்களில் அம்லோடிபைன் 5 மில்லிகிராமில் தொடங்குகிறது. 30 நாளில் 140/90-க்குக் கீழே வராவிட்டால் டெல்மிசார்டன் 40 சேர்கிறது. இந்தப் படிகள் தடைக்காலத்துக்குள் அப்படியே பொருந்துகின்றன. ஏப்ரல் பின்பாதியில் இரண்டு முறை அளந்து உறுதிசெய்து மருந்து தொடங்கலாம். மே பின்பாதியில் மறுபார்வை, தேவையானால் இரண்டாம் மருந்து. ஜூன் 14-க்குள் இன்னொரு பார்வை. 180/110-ஐத் தொட்டவரை முகாமில் காக்கவைக்காமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மே 17 உலக உயர் ரத்த அழுத்த நாளும் இதற்குள்ளேயே வருகிறது. அன்று ஒரு முகாம் நடத்திப் படம் எடுத்துக் கலைவதைவிட, அதை இரண்டாம் சுற்றின் தொடக்கமாக வைத்துக்கொள்வது பயன் தரும்.

ஜூன் 15-க்குப் பிறகுதான் உண்மையான சோதனை. பல நாள் தங்கி மீன்பிடிப்பவருக்கு ஒரு வார மாத்திரை போதாது. குறைந்தது ஒரு மாதத்துக்கானதை நீர் புகாத உறையில் கொடுக்க வேண்டும். அம்லோடிபைனால் கணுக்கால் வீங்கலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால், வீக்கம் கண்டதும் தானாக நிறுத்திவிடாமல் நம்மிடம் வருவார்.

எல்லையும் ஒரு சிக்கல். நம் மாவட்டத்தைச் சுற்றித் தமிழ்நாடு; பேருந்தில் சற்று நேரத்தில் நாகப்பட்டினம். இங்கே ஒரு மாதம், அங்கே ஒரு மாதம் மருந்து வாங்குபவர் பலர். அங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டு போகிறது. ஒரே அம்லோடிபைன் வேறு நிற அட்டையில் வந்தால், இரண்டையும் சேர்த்து விழுங்குபவரும் உண்டு, புதியதை ஒதுக்குபவரும் உண்டு. மருந்தின் பெயர், அளவு, கடைசி அழுத்தம், அடுத்த தேதி ஆகிய நான்கையும் தமிழில் எழுதிய ஒரு சீட்டு அவர் பையில் இருக்கட்டும். எல்லைக்கு அப்பால் பார்க்கும் செவிலியருக்கும் அதுவே போதும்.

உணவு அறிவுரை வீட்டுச் சமையலை அறிந்து சொல்லப்பட வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாட்டை விட்டுவிடு என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஊறவைத்துத் தண்ணீர் மாற்றிக் கழுவி, அந்தக் குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கச் சொன்னால் கேட்பார்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயைக் குறைக்கவும் செய்வார்கள். மதுவும் அழுத்தத்தை ஏற்றுகிறது. வரி குறைவால் மது மலிவாகக் கிடைக்கும் ஊரில் இதைக் கேட்காமல் விடுவது நம் கடமையில் குறை. குற்றம் சாட்டாமல், ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டும். மீன் விற்கும் பெண்களையும் இதே சுற்றில் பார்க்க வேண்டும். குடும்பத்தின் மாத்திரையை நினைவூட்டப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

எனவே வேலை மார்ச்சிலேயே தொடங்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசிப் படகுவாரியாகப் பெயர்ப் பட்டியல் எடுங்கள். இரண்டு மருந்துகளுக்கும் மூன்று மாதத் தேவையைக் கணக்கிட்டு இண்டென்ட் போடுங்கள். பட்டைகளையும் கருவிகளையும் சரிபாருங்கள். தடைக்காலம் முடியும் நாளில் எத்தனை பேருக்கு அளந்தோம் என்ற எண்ணிக்கையோடு அறிக்கையை முடிக்காதீர்கள். 140/90-க்குக் கீழே வந்து, கையில் ஒரு மாத மாத்திரையோடு படகேறியவர் எத்தனை பேர் என்பதையே முதல் வரியில் எழுதுங்கள்.