தேங்காய் ஓட்டுக் குளம்பொலியும் புலிகேசியின் செந்தமிழும்

1975இல் வெளிவந்த 'மாண்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்' படத்தில் ஆர்தர் மன்னருக்குக் குதிரை கிடையாது. அவர் துள்ளித் துள்ளி ஓடிவர, பின்னால் வரும் பணியாள் தேங்காய் ஓடுகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்புகிறான். குதிரைக்குப் பணமில்லாத படக்குழு வானொலி நாடகத்தின் பழைய உத்தியைக் கடன் வாங்கியது. அதோடு நின்றிருந்தால் அது வெறும் சிக்கனம். கோட்டைக் காவலன், 'இந்தக் குளிர்நாட்டில் தேங்காய் ஏது?' என்று வழக்காடத் தொடங்கும்போதுதான் அபத்தம் பிறக்கிறது. பார்வையாளர் ஐயமின்றி ஏற்கவேண்டிய ஒலி கதைமாந்தரின் காதிலும் விழுந்துவிடுகிறது.

தமிழில் இதற்கு இணையாக நான் கருதுவது சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006). களம் 18ஆம் நூற்றாண்டுப் பாளையக்காரர் காலம், இடைக்காலம் அன்று. அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் அக்காமாலா, கப்சி, சாதிச்சண்டைக்கென்றே திறக்கப்படும் மைதானம் ஆகியவற்றைச் சுட்டி, அரசியல் அங்கதம் என்று முடித்துவிடுகின்றனர். அது பாதி உண்மை. மீதி செவியில் நிகழ்கிறது.

'மனோகரா' (1954), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) முதலிய படங்கள் நம் செவியை ஒருவகையில் பழக்கிவைத்திருக்கின்றன: அரசன் எழுத்துத் தமிழே பேசுவான், வாக்கியம் நீளும், குரல் தாழாது. புலிகேசி இந்த இலக்கணத்தைப் பெரும்பாலும் மீறுவதில்லை. வினைமுற்றுகள் முழுமையாகவே ஒலிக்கின்றன. வடிவேலு அவற்றின்மேல் மதுரைப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஏற்றிவிடுகிறார். வீறாகத் தொடங்கும் வாக்கியம் ஈற்றில் சிணுங்கலாக இறங்குகிறது. இரட்டைச் சகோதரனாக வருபவரும் அவரே. அதே செந்தமிழ், அதே தொண்டை. ஆயினும் தொனி நிமிர்ந்திருப்பதால் சிரிப்பு எழுவதில்லை. ஓரொலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணையைக் கொண்டு ஒலியனைக் கண்டறிகிறோமே, அதற்கொப்பான சோதனையை ஒரு வணிகப்படம் தானாகவே செய்து வைத்திருக்கிறது.

புலவர் காட்சி இன்னும் நுட்பமானது. தெருவில் வழங்கும் வசைச்சொற்களை அவர் பாட்டில் கோத்துப் பாடுகிறார். மன்னனின் காது ஐயுறுகிறது. உடனே அச்சொற்களைப் பிரித்துச் செந்தமிழ்ப் பொருள் உரைத்துத் தப்பிக்கிறார். (நம் உரையாசிரியர்கள் சிலரும் இதே வேலையைத்தான் செய்தார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.) 'கட்டபொம்மன்' வெளிவந்த அதே 1959இல்தான் இரட்டை வழக்கு பற்றிய ஃபெர்குசனின் கட்டுரையும் வந்தது. உயர் வழக்குக்கு ஓரிடம், தாழ் வழக்குக்கு வேறிடம் என்று அதைக் கொண்டு வகுப்பறையில் படம் வரைகிறோம். இந்தக் காட்சியில் இரண்டும் ஒரே அசைகளுக்குள் குடியிருக்கின்றன.

பொம்மசந்திராவில் என்னுடன் தங்கியிருக்கும் கன்னட நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ராஜ்குமாரின் 'இம்மடி புலிகேசி' (1967) அவர்களுக்கும் அரசமொழியைச் செவியில் ஏற்றியிருக்கிறது. பெங்களூரிலேயே புலிகேசிநகர் இருக்கிறது. வடிவேலு வாய் திறந்ததும், ஆங்கிலத் துணையுரையைப் படித்து முடிக்கும் முன்பே சிரித்தார்கள். துணையுரையிலோ மன்னனும் காவலனும் ஒரே ஆங்கிலம் பேசுகிறார்கள்.

நம் திரைப்பட ஆய்வேடுகளும் பெரும்பாலும் அத்துணையுரையைப் போன்றவையே. உரையாடலை எழுத்தில் பெயர்த்து, கருப்பொருள் பிரித்து, 'நகைச்சுவை' என்று தலைப்பிடுகிறோம். சிரிப்பை உண்டாக்கிய சுருதியை எங்கும் குறிப்பதில்லை. அதை அளக்க 'பிராட்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. புலவர் காட்சியிலிருந்தே யாரேனும் தொடங்கலாம்.